கிணற்றடியில் விழுந்த கடல்பாம்பு

முதலில் வந்தது பாம்பு. கிணற்றடிச் சீமெந்தில், மகள் குளிக்க நிற்கிற இடத்தில், தலை இல்லாமல் கிடந்தது. உடம்பெல்லாம் கறுப்பும் மஞ்சளுமாக வளையங்கள். வால் மட்டும் துடுப்பைப் போலத் தட்டை. வாழைச்சேனைத் துறைமுகத்தில் வலையிலிருந்து உதறி எறியப்பட்டுக் கிடப்பதைக் கண்டிருக்கிறேன் என்பதால் கடல்பாம்பு என்று பார்த்தவுடன் தெரிந்தது. எங்கள் வீடு வாவிக்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே தள்ளி இருக்கிறது. தலையில்லாத கடல்பாம்பு தானாக மதில் ஏறி வராது. யாரோ கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கணவர் மண்வெட்டியோடு வந்தார். நினைத்ததை அவரிடம் சொன்னேன்.

"பாம்பு பஸ்ஸில வந்ததாக்கும்," என்றார். "சும்மா இரி. காகம் தூக்கிக்கொண்டு வந்து போட்டிரிக்கும்."

"காகமா? என்ர கை மொத்தம் இரிக்கு."

"அப்ப ரெண்டு காகம்."

அவர் அதை மதிலோரம் புதைத்தார். மகளிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசாமலே ஒத்துக்கொண்டோம்.

நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். ஒன்றை நிறுவாமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்கிறவள். ஆனால் போன வருடம் மகளின் முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. வைத்தியர் காரணம் சொன்னார். நான் தலையாட்டிக் கேட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் சொன்னதில் ஒரு சொல்லும் நினைவில் இல்லை. வைத்தியசாலைக் கூடத்தில் சக்கரக் கட்டில் ஒன்றின் சத்தம் மட்டும் இருந்தது. இன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் மேசையை இழுக்கிற சத்தம் கேட்டால் கையிலிருக்கும் வெண்கட்டி நழுவுகிறது. பாம்பு கிடந்த அந்தத் தை மாதம் மகள் மறுபடி கர்ப்பமாக இருந்தாள். ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கல்யாணமானதும் வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் கணவரும் பின்னால் குசினியோடு ஒட்டியிருந்த அறைக்கு மாறினோம். மருமகன் கல்குடாவிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு அவர் ஒரே பிள்ளை. கணவன் இல்லாத அந்த மனிசி கடற்கரையோரம் தனியாக இருக்கிறார். பெண் பிள்ளை இல்லாத தாய்க்கு எங்கள் வழக்கத்தில் முதுமையில் யாரும் மிஞ்சுவதில்லை. அது எல்லாருக்கும் தெரிந்த விசயம்தான். ஆனால் பாம்பைக் கண்ட அன்றுதான் அதை நான் ஒரு காரணமாக நினைக்கத் தொடங்கினேன். மகனை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அந்த மனிசி எங்களிடமிருந்து எதை எடுக்க நினைப்பார்?

சம்பந்தி சனிக்கிழமைகளில் பஸ்ஸில் வருவார். ஐஸ் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் மீன் கொண்டு வருவார். கிணற்றடியில் குந்தியிருந்து வெட்டுவார். குடலையும் செவுளையும் மதிலுக்கு மேலால் பின்வளவுக்குள் எறிவார். அந்த வளவில் வீடு இல்லை, தொலைபேசி டவர் ஒன்றும் பற்றையும்தான். மறுநாள் பின்னேரம் திரும்பிப் போய்விடுவார். கடல்பாம்பு கிடந்தது ஒரு ஞாயிறு காலை.

அடுத்த ஞாயிறு காலை அதே இடத்தில் கெளுத்தி மீனின் மண்டையோடு கிடந்தது. தசை முழுக்க நீங்கி, இரண்டு முள்ளையும் கை விரித்தது போல நீட்டிக்கொண்டு. அதற்குப் பிறகு இலையோடு கண்டல் குச்சிகள். எங்கள் வளவில் கண்டல் மரம் கிடையாது, வாவிக்கரையில் போய்த்தான் முறிக்க வேண்டும். அதற்கும் பிறகு இரத்தம் காயாத கரிய இறகுகள். எல்லாம் சம்பந்தி வந்து போகும் நாட்களை ஒட்டியே. மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு இதற்குப் பெயர் சொல்லித் தரத் தேவையில்லை. செய்வினை என்ற சொல்லை நான் வாயால் சொல்லவில்லை. ஆனால் பாடசாலை விட்டதும் வீட்டுக்குப் போகாமல், கோயில் கட்டாடியார் ஒருவரைத் தேடி பஸ் ஏறினேன்.

கோயிலில் பூசை செய்கிற அவர், இப்படியானவற்றைக் கழிப்பதிலும் பெயர் பெற்றவர். அவர் அதிகம் கேட்கவில்லை, எல்லாவற்றையும் நானே சொன்னேன். கடைசியில், "கிட்டத்து ஆள்தான் பிள்ளை. தண்ணி தாண்டி வாற ஆள்," என்றார். திரும்பி வரும் வழியில் பஸ் பாலத்தில் ஏறியபோது, இந்த ஊரில் தண்ணி தாண்டாமல் யார் யாருடைய வீட்டுக்குத்தான் வரமுடியும் என்று ஒருகணம் தோன்றியது. பாலம் முடிவதற்குள் அந்த யோசனை போய்விட்டது. கைப்பையில் அவர் ஓதித் தந்த நூல் இருந்தது.

நூலைக் கட்டும்போது மகள் காரணம் கேட்டாள். சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சொல்லாவிட்டால் அவள் சம்பந்தியின் கையால் தொடர்ந்து சாப்பிடுவாள் என்பதே எனக்குப் பயமாக இருந்தது.

"மாமி வெட்டுற மீனைத் தின்னாத," என்றேன். "கேட்டா, மணக்குது எண்டு சொல்லு."

மகள் வயிற்றில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை சம்பந்தி ஓரா மீன் ஆக்கி வைத்தார். மகள் சோற்றுக் கோப்பையைத் தள்ளினாள். "இண்டைக்கு மீன் வேணாம் மாமி." மருமகன் அவளுடைய மணிக்கட்டில் இருந்த நூலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய அம்மா மீனைச் சட்டிக்குள் திரும்ப எடுத்து வைத்து மூடினார். அவருடைய கண்ணும் நூலைத் தாண்டிப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து மருமகன் குசினி வாசலில் வந்து நின்றார்.

"மாமி, அம்மா இனி வரமாட்டா."

"ஏன் மருமகன்? என்ன சொன்னீங்க?"

"இஞ்ச மீன் விலை குறைஞ்சு போச்சு, சுமந்து வரத் தேவல்ல எண்டு சொன்னன்."

"அவ என்ன சொன்ன?"

"சரி எண்டா. வேற ஒண்டும் கேக்கல்ல." போகத் திரும்பியவர் நின்றார். "கேக்காததுதான் மாமி எனக்கு ஏலாமக் கிடக்கு."

சம்பந்தி வராத அந்த வாரம் கிணற்றடியில் ஒன்றும் விழவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கணக்குச் சரியாக வந்துவிட்டது என்று எனக்கு ஒரு கொடிய நிம்மதி இருந்தது. ஆனால் மகள் மீனை மட்டும் அல்ல, கடையில் வாங்கிய பருப்பையும் சந்தேகமாகப் பார்த்தாள். நான் ஆக்குவதையும் முதலில் மோந்து பார்த்தாள். கிளினிக்கில் மிட்வைஃப் நிறையைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பிள்ளைக்கு என்ன குடுக்கிறீங்க? நிறை ஏறல்லயே. போன முறை நடந்தது தெரியும்தானே?" அவர் அதட்டவில்லை. தெரியும்தானே என்று கேட்டது மட்டும்தான். வெளியே வந்து வாங்கில் இருந்து, நிறை எழுதிய அட்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒரு காலை, நான் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நிற்கும்போது, என் தோளுக்குப் பக்கத்தில் ஏதோ வந்து கிணற்றுக் கட்டில் மோதியது. கெளுத்தித் தலை. ஈரமாக, கண் இன்னும் மங்காமல். வீட்டில் சம்பந்தி இல்லை. ஒழுங்கையிலும் ஆள் இல்லை. அப்போதுதான் நான் மேலே பார்த்தேன்.

கிணற்றுக்கு மேல் சாய்ந்தபடி மண்டை போன தென்னை ஒன்று நிற்கிறது. கணவர் வருடக் கணக்கில் தறிக்கப் போகிற மரம். அதன் நுனியில் ஒரு பறவை மீனின் மிச்ச உடலைக் காலால் அமத்திக்கொண்டு இருந்தது. அதன் தலையும் கழுத்தும் நெஞ்சும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை. முதுகு சாம்பல். என்னை அது ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு எழும்பியது. சிறகு விரிந்தபோது கிணற்றடி ஒருகணம் இருட்டியது போலிருந்தது. நேரே டவருக்குப் போனது. டவரின் மேல் தட்டில் நாங்கள் காகக் கூடு என்று நினைத்திருந்த குச்சிக் குவியலில் இறங்கியது. அங்கே இன்னொன்று இருந்தது. இரண்டும் கழுத்தை நீட்டித் தாரா கத்துவது போல மாறி மாறிக் கத்தின. அந்தச் சத்தத்தை நான் பல விடியல்களில் பாயில் கிடந்தபடி கேட்டிருக்கிறேன். யாரோ வீட்டுத் தாரா என்று நினைத்திருந்தேன்.

எல்லாம் பறவையின் வேலை என்று நான் நம்பவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். என் சந்தேகம் ஆளை மாற்றிக்கொண்டதே தவிர இடத்தை விட்டுப் போகவில்லை. இது என்ன பறவை, பாம்பைத் தூக்குமா, ஏன் ஞாயிற்றுக்கிழமை, ஏன் எங்கள் வீடு என்று எல்லாவற்றையும் அதனிடம் கேட்கத் தொடங்கினேன்.

கணவர் பார்த்தவுடன் கும்பிட்டார். "கருடன். நல்ல சகுனம். நீ இனி வாயை மூடிக்கொண்டிரி."

கருடன் இல்லை. கருடன் என்று கும்பிடுகிற செம்பருந்துக்கு வெள்ளைத் தலை உண்டு, ஆனால் முதுகு செங்கல் நிறம். அன்றைக்கே ஒரு செம்பருந்து வந்து இதை விரட்டப் பார்த்தது. பக்கத்தில் பறந்தபோது செம்பருந்து புறா மாதிரிச் சிறிதாகத் தெரிந்தது. அதைக் காட்டினேன். அவர் விடவில்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்தபோது உன்னிச்சைக் குளத்தடியில் பல வருடம் இருந்தவர் அவர்.

"அப்ப குளத்துக் கழுகு. உன்னிச்சையில நான் எத்தின கண்டிரிக்கன். மீன்தான் தின்னும்."

"அதுக்குத் தலை நரைதானே, வெள்ளையில்லையே."

"வயசு போனா எல்லாம் வெள்ளைதான். என்னைப் பார்."

பாடசாலை நூலகத்தில் பறவைகளைப் பற்றிய ஒரு பழைய புத்தகம் இருந்தது. எடுத்து வந்தேன். மருமகனிடம் போனைக் கேட்டேன். அவருடைய போனில்தான் தூரத்தைப் பெரிதாக்கிப் படம் எடுக்கலாம். எதற்கு என்று கேட்காமல் தந்தார். நாங்கள் இருவரும் அப்போது தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசிக்கொள்வதில்லை.

சந்தேகம் பிடித்தவளுக்கு இந்த வேலை நன்றாக வரும் என்று கண்டுகொண்டேன். ஒரு பறவையை இன்னதென்று சொல்வதற்கு முதலில் அது வேறென்னவெல்லாம் இல்லை என்று காட்ட வேண்டும். குளத்துக் கழுகுக்கு முதுகும் நெஞ்சும் தவிட்டு நிறம், வெள்ளை வாலின் நுனியில் கறுப்புப் பட்டி. இதன் வாலில் கறுப்பு அடியில்தான் இருந்தது, நுனி வெள்ளை. வால் கட்டையாக ஆப்பு மாதிரி முடிந்தது. வட்டமிடும்போது சிறகுகளைத் தட்டையாகப் பிடிக்காமல் மேலே தூக்கிப் பிடித்தது. கீழேயிருந்து பார்த்தால் சிறகின் முன்பாதி வெள்ளை, பின்விளிம்பு முழுக்கக் கறுப்பு. புத்தகம் சொன்னது: வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு. கரையோரங்களிலும் களப்புகளிலும் இருக்கும். மீன், நண்டு, நீர்ப்பறவை, கடல்பாம்பு தின்னும். செத்ததையும், மனிதர் எறிகிற மீன்கழிவையும் எடுக்கும்.

கடைசி வரியில் என் விரல் நின்றது. சம்பந்தி வந்த நாளெல்லாம் மதிலுக்கு மேலால் குடலும் செவுளும் போயின. கழுகு இறங்கி எடுத்தது. எடுக்கப் பழகியதால் தன் சொந்த இரையையும் அந்தத் தென்னையில் கொண்டுவந்து வைத்துத் தின்றது. தலைகளும் எலும்புகளும் இறகுகளும் கீழே விழுந்தன. சம்பந்தி வராமல் விட்டபோது அதற்கும் அந்தப் பக்கம் அதிகம் வேலை இல்லாமல் போனது. என் கணக்கில் பிழை இல்லை. இரண்டும் சேர்ந்து வந்தன என்பது உண்மைதான். எது எதைக் கொண்டு வந்தது என்பதில்தான் நான் தவறியிருந்தேன்.

அப்படியும் ஒரு முடிச்சு இருந்தது. டவருக்கு மூன்றாவதாக ஒன்று வந்தது. அதே அளவு, ஆனால் உடம்பெல்லாம் மண்ணிறம், தலை மங்கிய வைக்கோல் நிறம். வெள்ளைப் பறவைகளில் ஒன்று அதைத் துரத்தியது. கொஞ்சத் தூரம் போய் அது திரும்பி வந்தது. அப்படியானால் நான் இன்னது என்று முடிவு செய்தது பிழையா? இரண்டு நாள் எனக்கு நிம்மதி இல்லை. புத்தகத்தின் மறுபக்கத்தில் விடை இருந்தது. குஞ்சுகள் பறக்கத் தொடங்கியபின் வருடக் கணக்கில் மண்ணிறமாகவே இருக்கும், ஒவ்வொரு சிறகுதிர்ப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளுக்கும். முந்திய ஈட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். வளர்ந்தும் அந்தப் பக்கத்தை விட்டுப் போக மனமில்லாமல் சுற்றுகிறது.

எல்லாவற்றையும் சரிபார்த்தபின் மகளின் அறைக்குப் போனேன். புத்தகத்தையும் போன் படத்தையும் கட்டிலில் வைத்து, கரும்பலகைக்கு முன்னால் நிற்பதுபோல விளக்கினேன். வால், சிறகு, தென்னை, மீன்குடல். அவள் கடைசிவரை கேட்டாள்.

"சரி அம்மா," என்றாள். "பாம்பைப் பறவை கொண்டு வந்த. பறவையை அனுப்பின ஆரு?"

அவள் குரலில் கிண்டல் இல்லை. நான் ஒரு நூலால் கட்டிக் கொடுத்ததை ஒரு புத்தகத்தால் அவிழ்க்கலாம் என்று நினைத்திருந்தேன். வெளியே வந்ததும் கணவர் மெல்லச் சொன்னார்: "உன்ர மகள்தான். சந்தேகமில்ல."

அவளை நம்பவைக்க நான் பிறகு முயலவில்லை. பின்விறாந்தையில் ஒரு சாய்கதிரையைப் போட்டு, "சும்மா இரிந்து பார்," என்றேன். முதலில் எனக்காக இருந்தாள். பிறகு தனக்காக இருந்தாள். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது அன்றைய சமாச்சாரம் சொல்லத் தொடங்கினாள். எந்தக் கழுகு கூட்டில் இருந்தது, எது மீன் கொண்டு வந்தது, காகங்கள் எப்படிச் சண்டைக்கு வந்தன. பச்சை இலையோடு குச்சி கொண்டு வந்து கூட்டுக்குள் விரிக்கிறதாம். மஞ்சள் பிடிக்காத வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரு குஞ்சுத் தலை தெரிந்ததாம். அந்தக் குஞ்சு செத்தால் அவள் என்ன நினைப்பாள்? புத்தகத்தில் ஒரு வரியை நான் அவளுக்குக் காட்டாமல் வைத்திருந்தேன். ஆனால் அவளிடமும் போன் இருக்கிறது.

"ரெண்டு முட்டை போடுமாம் அம்மா," என்றாள் ஒரு பின்னேரம். "அனேகமா ஒண்டுதான் தப்புமாம்."

"புத்தகத்தில எழுதுறதெல்லாம் சரியில்ல."

"சரிதான். நேற்று ரெண்டு தலை கண்டன். இண்டைக்கு ஒண்டுதான்." டவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அதுக்கு ஆர் என்ன செஞ்ச எண்டு தாய்க் கழுகு தேடல்ல. மத்ததுக்குத் தீன் குடுக்கிது."

நான் கிணற்றடிப் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அவள் சொன்னாள்: "மாமியை வரச் சொல்லுங்க. அவர் சொன்னா வரமாட்டா. நீங்கதான் சொல்லணும்."

போன் எடுத்ததும் சம்பந்தி முதலில் சுகம் விசாரித்தார். மகளைப் பற்றி, கிளினிக்கைப் பற்றி, கணவரின் முழங்காலைப் பற்றி. நான் சனிக்கிழமை வாங்க என்றேன். அவருக்குப் பின்னால் கடல் இரைந்தது.

"மீன் விலை திரும்ப ஏறிற்றோ மச்சாள்?" என்றார்.

"ஏறிற்று மச்சாள்."

"அப்ப வாறன்."

வந்தார். வழக்கம் போலக் கிணற்றடியில் குந்தியிருந்து வெட்டினார். நான் பக்கத்தில் நின்று, தென்னையையும் டவரையும் காட்டி, இந்த வளவில் ஒரு பெரிய கழுகு நிற்கிறது என்று சொல்லத் தொடங்கினேன். அவர் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"பிள்ளைக்கு நூல் கட்டின அதுக்கோ?"

நான் வாளியில் தண்ணீர் இல்லை என்று சொல்லி அள்ளத் தொடங்கினேன். அவர் குடலைச் சுருட்டி மதிலுக்கு மேலால் எறிந்தார். கழுகு அன்றைக்கு இறங்கவில்லை.

பாரைக்குட்டி மீனில் தேங்காய்ப்பால் விட்டு ஆணம் வைத்தார். குசினியில் நானும் நின்றேன். உப்புப் போட்டபோது எந்தப் போத்தலிலிருந்து எடுத்தார் என்று பார்த்தேன். தூளை எங்கள் தகரத்திலிருந்துதான் எடுத்தார். பறவையின் வாலைச் சரிபார்த்தது போலவே அந்தக் கைகளையும் சரிபார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணை எடுக்க வேண்டும் என்று நினைத்தும் எடுக்க முடியவில்லை.

சோறு போட்டு, மகளின் கோப்பையில் ஆணத்தை விட்டார். மகள் கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தாள். மருமகன் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். நான் யோசிக்கவில்லை. என் கை தானாகப் போய் அவளுடைய கோப்பையிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து என் வாயில் போட்டது.

சம்பந்தி அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார்.

"விசமில்ல மச்சாள்," என்றார். "உப்புத்தான் கொஞ்சம் கூட."

உண்மைதான், உப்புக் கூட. அதைச் சொன்னேன். கணவர் சிரிக்கப் போய் இருமினார். மருமகன் எழும்பி வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மகள் என் கையைக் கோப்பையிலிருந்து விலக்கிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். மோந்து பார்க்கவில்லை. முதல் கவளத்தை விழுங்கினாள், அடுத்ததை எடுத்தாள். நான் அவளுடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் முடிந்ததும் கோப்பையை மாமியின் பக்கம் நீட்டினாள்.

"இன்னொரு துண்டு போடுங்க மாமி. வால் வேணாம், நடுத்துண்டு."

சம்பந்தி சட்டியைக் கிளறி நடுத்துண்டைத் தேடினார். அவர் தேடிய நேரம் முழுக்க நான் அந்தக் கையைப் பார்த்தேன். பிறகு என் கோப்பையையும் நீட்டினேன்.